பிரிட்டனில் வால்வோ 1800இஎஸ் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முழுக் கண்ணாடிப் பின்கதவோடு நிற்கும் வால்வோ 1800இஎஸ்ஸின் விற்பனை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் அந்தப் படங்களையே புரட்டிக்கொண்டிருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 1972, 1973 என இரண்டே மாடல் ஆண்டுகள்தான் இந்த வண்டி வந்தது. மொத்தம் 8,000 சொச்சம் வண்டிகள். ஸ்போர்ட்ஸ் காரின் முகமும் ஸ்டேஷன் வேகனின் முதுகும் சேர்ந்த வண்டி என்பதால், குடும்பத்தோடும் சாமான்களோடும் ஓட்டலாம் என்ற ஆசையில் முதன்முறையாகப் பழைய வண்டி வாங்குபவர்கள் பலரும் இதைத் தேடி வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். வண்டிகளைப் பார்த்து, தாள்களோடு மல்லுக்கட்டி, வாங்கி, இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. என்ன கேட்பது, எதை எந்த வரிசையில் செய்வது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினைப் பார்த்து இந்த வண்டியை வாங்காதீர்கள். உடம்பையும் தாளையும் பார்த்து வாங்குங்கள். எஞ்சினைச் சரிசெய்ய ஆளும் பாகமும் கிடைக்கும். துருப்பிடித்த உடம்பைச் சரிசெய்ய ஆகும் செலவு வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

இங்கே சொல்லும் நடைமுறை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு உரியது.

1. நேரில் போகும் முன் பதிவு எண்ணை வாங்குங்கள்

விளம்பரத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருந்தால் விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள். மறைக்க நியாயமான காரணம் எதுவும் இல்லை.

எண் கிடைத்ததும் அரசு இணையதளத்தில் இரண்டு பக்கங்களைத் திறங்கள். இரண்டும் இலவசம். ஒன்று, வண்டியின் வரி நிலையையும் கடைசியாக லாக்புக் என்ற பதிவுத் தாள் எப்போது வழங்கப்பட்டது என்பதையும் காட்டும். போன மாதம்தான் புது லாக்புக் வந்திருக்கிறது, ஆனால் விற்பவர் "பதினைந்து வருஷமாக என்னிடம் இருக்கிறது" என்கிறார் என்றால் காரணம் கேளுங்கள். முகவரி மாறியிருக்கலாம், இல்லை கை மாறியிருக்கலாம்.

இன்னொன்று எம்ஓடி, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வண்டித் தகுதிச் சோதனையின் வரலாறு. இது தங்கச் சுரங்கம். 2005-லிருந்து நடந்த சோதனைகள், ஓடிய மைல் கணக்கு, தோற்ற காரணங்கள் எல்லாம் இதில் வரும். "அரிப்பு" என்ற குறிப்பு எந்த இடத்தைச் சொல்கிறது, அடுத்த ஆண்டு அது மறைந்ததா, திரும்ப வந்ததா என்று ஆண்டு ஆண்டாகப் படியுங்கள். 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே 20 முதல் எம்ஓடி கட்டாயமில்லை. எனவே பல வண்டிகளின் வரலாறு 2018-ஐ ஒட்டி நின்றுவிட்டிருக்கும். அப்படி நின்றிருப்பது குற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பரிசோதகரும் அந்த வண்டியின் அடியில் போய்ப் பார்க்கவில்லை என்பதை மனதில் வையுங்கள்.

கடைசியாக, தனியார் நிறுவனங்கள் செய்யும் வரலாற்றுச் சோதனை ஒன்றை எடுங்கள். கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழித்துக்கட்டியது போன்றவற்றை இது காட்டும். முழுச் சோதனைக்கு 20 பவுண்டு வாக்கில் ஆகும். இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2. லாக்புக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள்

வி5சி என்ற லாக்புக், ஊரில் நாம் சொல்லும் ஆர்சி புக்குக்கு இணையான தாள். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இது வண்டியின் பதிவுப் பொறுப்பாளர் யார் என்று மட்டுமே சொல்லும். உரிமையாளர் யார் என்பதற்கு இது சான்று ஆகாது. அதனால்தான் பின்னால் ரசீதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் டிவிஎல் என்ற நீர்க்குறி (வாட்டர்மார்க்) தெரிய வேண்டும். வரிசை எண்ணையும் பாருங்கள். பிஜி 8229501 முதல் பிஜி 9999030 வரை, பிஐ 2305501 முதல் பிஐ 2800000 வரை உள்ளவை திருட்டுப்போன தாள்களாக இருக்கலாம் என்று அரசே எச்சரித்திருக்கிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால், வாக்குவாதம் செய்யாமல் கிளம்பி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள்.

அதன்பின் பானெட்டைத் திறந்து, சேஸி எண்ணைத் தாளில் உள்ளதோடு ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிடுங்கள். முதல் பதிவுத் தேதியையும் பிரிட்டனில் முதலில் பதிவான தேதியையும் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் அது இறக்குமதி வண்டி. விற்பனைக்கு வரும் 1800இஎஸ்களில் அமெரிக்காவிலிருந்து வந்த இடக்கை ஸ்டியரிங் வண்டிகள் நிறைய. வறண்ட மாநிலத்திலிருந்து வந்திருந்தால் உடம்பு நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. எனவே இடக்கை வண்டி என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம்.

லாக்புக் "தபாலில் வந்துகொண்டிருக்கிறது" என்றால், வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். தொலைந்த லாக்புக்குக்கு விற்பவரே 25 பவுண்டு கட்டி மறுபடி வாங்கிக்கொள்ள முடியும். அந்தச் சின்ன வேலையைக் கூடச் செய்யாதவரிடம் பல்லாயிரம் பவுண்டை ஒப்படைக்காதீர்கள்.

இன்னொரு பொறி: சிலர் பழைய பதிவு எண்ணைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் எண் மாற்றம் முடிந்து புது லாக்புக் வந்த பிறகே பணம். பாதி மாற்றத்தில் வாங்கினால் இன்சூரன்ஸ், வரி இரண்டுமே சிக்கும்.

3. துருவைத் தேடுங்கள்: இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள்

பழைய உடுப்பு, நல்ல டார்ச், மெல்லிய துணி சுற்றிய காந்தம், விரிக்க ஒரு அட்டை. இவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். மழை நாளில் பார்க்காதீர்கள். ஈரமான பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

இந்த வண்டிக்கு உடம்பைத் தாங்கும் தனிச் சட்டகம் கிடையாது. உடம்பே சட்டகம். அதனால் கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளும் பெட்டித் தகடுதான், அதாவது சில், வண்டியின் முதுகெலும்பு. வெளித்தகடு, உள்தகடு, நடுவே வலுவூட்டும் தகடு என அது அடுக்கடுக்காக இருக்கும். வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பெயிண்ட் அடித்துவிட்டு "புது சில் போட்டாச்சு" என்று விற்பவர்கள் உண்டு. உள்ளே அடுக்கு அரித்திருப்பது வெளியே தெரியாது.

நான் பார்த்த ஒரு வண்டியில் அடிப்பகுதி முழுக்கப் புத்தம் புதிதாகக் கறுப்பு அண்டர்சீல், அதாவது துருத்தடுப்புப் பூச்சு, பூசியிருந்தார்கள். அதன் மேல் தூசு கூட ஒட்டியிருக்கவில்லை. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஜாக்கி வைக்கும் இடத்தருகே கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. மேலே பெயிண்ட் கண்ணாடியாக மின்னிய வண்டி அது. விற்பனைக்கு முன்னால் அவசரமாகப் பூசிய அண்டர்சீலைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வேலை செய்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். நல்ல வேலை செய்தவர்கள் அந்தப் படங்களைப் பெருமையோடு காட்டுவார்கள்.

ஒரு எளிய சோதனை. கதவை மெதுவாகத் திறந்து, கடைசி அங்குலத்தில் அது கீழே தொய்கிறதா, மூடும்போது தூக்கி மூட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கீல் தேய்ந்திருக்கலாம். சில் பலம் இழந்து உடம்பே வளைந்திருக்கவும் கூடும். கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

அடுத்து முன் மட்கார்டு. இது போல்ட் போட்டுக் கழற்றுவதல்ல, வெல்டிங் செய்து ஒட்டியது. ஹெட்லைட்டைச் சுற்றியும், சக்கரத்துக்குப் பின்னால் கதவை ஒட்டிய கீழ் மூலையிலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பின்சக்கர வளைவிலும் கதவின் அடிவிளிம்பிலும் அதே சோதனை.

உள்ளே கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தொட்டால் ஈரம் தெரிந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. முன்கண்ணாடி ரப்பர், கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துவாரம் இரண்டும் வழக்கமான காரணங்கள். பின்பகுதியிலும் விரிப்பை எடுத்து அடித்தகட்டைப் பாருங்கள். நீண்ட பக்கக் கண்ணாடிகளின் ரப்பர் கெட்டிருந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

இனி அந்தப் பின்கதவு. சுற்றிச் சட்டகமே இல்லாத ஒற்றைக் கண்ணாடி. கீலும் பூட்டும் கண்ணாடியிலேயே பொருத்தியவை. கீல் பொருத்திய இடங்களைச் சுற்றிக் கீறலோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்தால் தானாக நிற்க வேண்டும். மூடும்போது ஓங்கி அடிக்காமல் பூட்ட வேண்டும். உடைந்தால் மாற்றுக் கண்ணாடி தேடி அலைய வேண்டியிருக்கும், கிடைத்தாலும் விலை கடுமை. இந்த ஒரு பாகத்துக்காகவே விலையைக் கணிசமாகக் குறைத்துப் பேசலாம்.

உங்களுக்கு இதெல்லாம் கைவராது என்றால் பழைய வால்வோ தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். சில நூறு பவுண்டு கேட்பார். தரலாம். வால்வோ ஓனர்ஸ் கிளப்பில் சேர்ந்தால் அருகில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுவார்கள்.

4. எஞ்சின்: பெட்ரோல் குழாய்களை முதலில் பாருங்கள்

2 லிட்டர் பி20 எஞ்சின் உழைப்பாளி. அதில் பொருத்திய, பெட்ரோலைப் பீய்ச்சும் போஷ் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன்தான் பொறுமையைச் சோதிக்கும். அழுத்த உணரி, த்ராட்டில் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள டிரிகர் பாயின்ட்டுகள் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று தளர்ந்தாலும் வண்டி திக்கும், இல்லை பெட்ரோலைக் குடிக்கும். குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், ஆறும் வரை காத்திருங்கள்.

இன்ஜெக்டருக்குப் போகும் குட்டிக் குழாய்களை விரலால் வளைத்துப் பாருங்கள். கெட்டியாகியோ மேலே வெடிப்பு விட்டோ இருந்தால் அன்றைக்கு ஓட்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் குழாய்களில் பெட்ரோல் சுமார் 2 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. கசிவு சூடான எஞ்சின் மேல் விழும். மாற்ற ஆகும் செலவோ மிகக் குறைவு.

டைமிங் கியரில் ஒன்று ஃபைபரால் ஆனது, தேய்ந்து ஒருநாள் பல் உதிரும். எஃகுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் போட்ட வண்டிகளும் வரும். ஓட்டுவதற்கு அதில் தவறில்லை. ஆனால் மறுபடி விற்கும்போது விலை குறையும், எனவே வாங்கும்போதும் குறைத்தே கொடுங்கள்.

5. ஓட்டிப் பாருங்கள்

விற்பவரின் இன்சூரன்ஸ் உங்களுக்குப் பொருந்துமா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் அவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

மேனுவல் வண்டியில் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். நாலாம் கியரில் மட்டும்தான் அது விழும். 50 மைல் வேகத்தில் போட்டால் எஞ்சின் சுற்று ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். "ஒயர் மட்டும்தான் விட்டுப்போச்சு" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒயரை அவரே ஒட்டிக் காட்டட்டும். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் என்பதால் நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இறுகியிருக்கும். எஞ்சின் சூடேறிய பின் ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

6. பணமும் ரசீதும்

ஓட்டிக்கொண்டு போகும் நிலையில் உள்ள வண்டிகளுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் கேட்பது சகஜம். அரைகுறையாகக் கிடக்கும் வண்டி பாதி விலைக்கு வரும். முதல்முறை வாங்குபவர்கள் அந்தப் பாதி விலை வண்டியைத் தொட வேண்டாம் என்பது என் திடமான கருத்து. முழு விலை கொடுத்து வாங்குவதே கடைசிக் கணக்கில் மலிவாக முடியும்.

டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பெரிய குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். தனிநபரிடம் வாங்கினால், வண்டி அவர் விவரித்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே விளம்பரத்தைப் படத்தோடு சேமித்து வையுங்கள். ஏலத்தில் எடுத்தால் முடிவான ஏல விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் அதன் மீது வாட் வரியும் சேரும். கையைத் தூக்குவதற்கு முன் அதைக் கணக்கில் சேருங்கள்.

முன்பணம் கொடுத்தால் எந்த நிபந்தனையில் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் லாக்புக்கில் உள்ள முகவரியில், வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு வங்கி வழியாக அனுப்புங்கள். ரசீதில் இரண்டு பேரின் பெயர், முகவரி, பதிவு எண், சேஸி எண், மைல் கணக்கு, விலை, தேதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு பிரதி.

7. அதே இடத்தில் முடிக்க வேண்டிய மூன்று வேலைகள்

முதலில் இன்சூரன்ஸ். சாதாரண ஒப்பீட்டு இணையதளங்கள் இந்த வண்டிக்குப் பொருந்தாது. கிளாசிக் வண்டிக்கென்று உள்ள நிறுவனங்களை அழைத்து, மதிப்பை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் பாலிசியைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் அவர்கள் சொல்வதுதான் விலை. தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்கிறதா, இரவில் எங்கே நிற்கும் என்று கேட்பார்கள். இந்தப் பேச்சை வண்டி பார்க்கப் போகும் முன்பே முடித்து வைத்திருங்கள்.

அடுத்து பெயர் மாற்றம். விற்பவர் தன் போனிலேயே, வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் தளத்தில் பதியலாம். பச்சை நிறப் புதுப் பொறுப்பாளர் சீட்டைக் கிழித்து உங்களிடம் தர வேண்டும். இணையத்தில் பதிந்தால் புது லாக்புக் ஒரு வார வாக்கில் வரும். தபாலில் அனுப்பினால் நாலு வாரம் வரை ஆகும்.

மூன்றாவது வரி. இந்த வயது வண்டிக்குச் சாலை வரி பூஜ்யம். ஆனால் பூஜ்ய வரியையும் நீங்கள் பதிய வேண்டும். விற்பவரின் வரி உங்களுக்கு மாறாது. பச்சைச் சீட்டில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து அங்கேயே செய்துவிடலாம். லாக்புக்கில் வரி வகை "ஹிஸ்டாரிக்" என்று இருக்கிறதா என்று பேரம் பேசும்போதே பாருங்கள். வயதானால் அது தானாக மாறாது. யாராவது ஒருவர் லாக்புக்கோடு போஸ்ட் ஆபீஸ் போய் மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் கிடந்தால், விற்பவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். புகை விதிக்கு உட்படாத வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுதும் வந்துவிட்டது, நாளுக்கு 12.50 பவுண்டு. ஹிஸ்டாரிக் வகையில் பதிவான வண்டிக்கு அது இல்லை. நகர நடுவே உள்ள நெரிசல் கட்டணமான கன்ஜெஸ்ஷன் சார்ஜுக்கு மட்டும் இந்த விலக்கு செல்லாது.

வண்டி சாலைக்கு வராமல் முடங்கியிருந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தால், அதை ஓட்டி வர நினைக்காதீர்கள். லாரியில் ஏற்றி வாருங்கள். அந்த அறிவிப்பும் பழைய ஆளோடு போய்விடும். நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் பெயரில் புதிதாக அறிவிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

8. ஸ்வீடனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கொண்டுவருவதானால்

வேலை கூடும், அவ்வளவுதான். 30 வயது தாண்டிய, அசல் நிலையில் உள்ள, உற்பத்தி நின்றுபோன வண்டியைச் சேகரிப்புப் பொருளாகக் காட்டினால் சுங்க வரி இல்லை. வாட் 5 சதவீதம். சுங்க ஏஜென்ட் சாதாரணக் காராகப் பதிந்துவிட்டால் பத்து சதவீத வரியும் அதன் மேல் 20 சதவீத வாட்டும் விழும். எனவே எந்த வகையில் பதியப் போகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி வந்து 14 நாளுக்குள் வரித்துறைக்கு நோவா என்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். பிறகு பதிவுக்கான வி55/5 படிவம், 55 பவுண்டு கட்டணம், வண்டியின் வயதுக்குக் கிளப் தரும் சான்று. பதிவு எண் வரப் பல வாரம் ஆகும். கோடைக்கு முன் ஓட்ட ஆசையென்றால் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்.

ஏற்கெனவே இறக்குமதியாகி இங்கே பதிவாகாமல் நிற்கும் வண்டியை விற்கிறார்கள் என்றால், நோவா முடிந்ததற்கான தாளைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. அது இல்லாமல் டிவிஎல்ஏ எண் தராது.

9. வீட்டுக்கு வந்த பிறகு

சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு எம்ஓடி எடுத்துவிடுங்கள். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. விலக்கு இருந்தாலும் ஆபத்தான நிலையில் வண்டியை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு.

பெட்ரோல் பங்கில் எத்தனால் அதிகம் கலந்த ஈ10 போடாதீர்கள். ஈ5 என்று எழுதிய சூப்பர் பெட்ரோல் மட்டும். ஈ10-இல் உள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் குழாய்கள் அத்தனையையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, தீயணைப்பான் ஒன்றைச் சீட்டுக்குப் பக்கத்தில் பொருத்துங்கள்.

பாகங்களுக்கு ஸ்வீடனின் விபி ஆட்டோபார்ட்ஸ், ஜெர்மனியின் ஸ்கான்டிக்ஸ் இரண்டையும் பாருங்கள். அங்கிருந்து வரவழைத்தால் விலையோடு தபால் செலவும் வாட்டும் சேரும். எனவே ஒவ்வொன்றாக வாங்காமல் பட்டியல் போட்டு மொத்தமாக வரவழையுங்கள். என் பட்டியலில் முதலில் இருந்தவை இன்ஜெக்டர் குழாய்கள், பெட்ரோல் ஃபில்டர், பின்கதவு ரப்பர், பிரேக் ஹோஸ்கள்.